மலையகத்தில் பத்திரிகையை ஏன் உள்பக்கத்திலிருந்து படிக்கிறார்கள்?

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஹட்டன் டவுனில் காலையில் பேப்பர் வாங்குகிறவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் பக்கத் தலைப்பை நின்ற நிலையிலேயே ஒரு பார்வை பார்ப்பார்கள். அப்புறம் நேரே உள்ளே புரட்டிவிடுவார்கள். பாராளுமன்றத்தில் யார் யாரை ஏசினார், டொலர் என்ன விலை என்பதெல்லாம் முந்திய இரவே டிவியிலும் போனிலும் வந்து பழசாகிவிட்டது. கண் தேடுவது அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில் இருக்கும் ஊர்ப்பெயரை: மஸ்கெலியா நிருபர், பொகவந்தலாவை நிருபர், லிந்துலை நிருபர், வெலிமடை நிருபர். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களைக் குளவி கொட்டியது, மண்மேடு சரிந்து வீதி மூடப்பட்டது, லயன் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) தீப்பிடித்துக் குடும்பங்கள் பாடசாலையில் தங்கியிருக்கின்றன என்று நம்ம பக்கத்துச் சமாச்சாரங்கள் அந்தப் பெயருக்குக் கீழேதான் இருக்கும்.

முதல் பக்கம் கொழும்புக்காக எழுதப்படுகிறது. அடுத்த இடம் வடக்கு, கிழக்குக்கு. மலையகம் முதல் பக்கத்துக்கு வர வேண்டுமானால் மலை சரிய வேண்டும், அல்லது தேர்தல் வர வேண்டும். இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு, நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் நாம் பத்திரிகை படிக்கும் விதமும், எந்தச் செய்திக்கு யாரை நம்புகிறோம் என்பதும் இந்த ஏற்பாட்டிலிருந்துதான் உருவானது. அதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

தோட்டத்துக்குள் வெளியாள் நுழைவதே குற்றம் என்றிருந்த காலத்தில்தான் பத்திரிகை மலைக்கு வரத் தொடங்கியது. தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் முதன்முதலில் தோட்டங்களைப் பார்க்க வந்தபோது புடவை வியாபாரி மாதிரி உள்ளே போனார் என்பது மலையகத்தில் எல்லோரும் அறிந்த கதை. ஆள் போக முடியாத இடத்துக்குக் கடதாசி போகும் என்பது அவருக்கு விளங்கியிருந்தது. 1924இல் அவர் தேசபக்தன் பத்திரிகையைத் தொடங்கினார். மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர்களுக்குப் பாட்டாகவே எழுதிப் பாடினார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பாட்டு போய்ச் சேரும் அல்லவா?

1930 ஆகஸ்ட் 6ஆம் திகதி வீரகேசரி வந்தது. அதைத் தொடங்கிய சுப்பிரமணியம் செட்டியார் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். 1932 மார்ச்சில் லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனம் தினகரனைத் தொடங்கியது. இரண்டும் கொழும்பில் அச்சானவை. பிறகு வந்த தினபதியும் அப்படித்தான், 1997இல் வந்த தினக்குரலும் அப்படித்தான். யாழ்ப்பாணத்துக்கு 1959இல் ஈழநாடு கிடைத்தது, 1985இல் உதயன் கிடைத்தது. அந்த மாதிரித் தன் மண்ணிலேயே அச்சாகி நிலைத்த தமிழ் நாளிதழ் ஒன்று மலையகத்துக்கு அமையவில்லை.

வாசகர்கள் இல்லாததால் அமையவில்லை என்று நான் நினைக்கவில்லை. பத்திரிகை வாசகர் கொடுக்கும் காசில் மட்டும் ஓடுவதில்லை, விளம்பரத்தில் ஓடுகிறது. ஞாயிறு வீரகேசரியின் மரண அறிவித்தல் பக்கங்களை விரித்துப் பாருங்கள். வடக்கில் பிறந்து கனடாவிலோ லண்டனிலோ கண்ணை மூடியவர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். லயத்தில் ஒருவர் இறந்தால் வெள்ளைக்கொடி கட்டுவோம், பறை அடிப்போம், வசதி இருந்தால் டவுனில் ஒரு பேனர் அடிப்போம். பத்திரிகைக்குக் காசு கட்டி அறிவிக்கும் பழக்கம் பெரிதாக இல்லை. மணமகன் தேவை, காணி விற்பனைக்கு, டியூஷன் வகுப்பு எல்லாம் இதே கதைதான். சொந்தமாகக் காணி இல்லாத ஜனம் காணி விளம்பரம் எங்கே போடும்? விளம்பரம் தராத ஊருக்குக் கூடுதல் பக்கம் ஒதுக்க எந்த முகாமையாளரும் அவசரப்பட மாட்டார்.

அதற்காக மலையகத்தை யாருமே கவனிக்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 1960களில் வீரகேசரி ‘தோட்ட மஞ்சரி’ என்று தோட்டப்புறத்துக்காகவே ஒரு பகுதியை நடத்தியது. அதைக் கவனித்துக்கொண்ட எஸ்.எம். கார்மேகம் மலையகத்திலிருந்து எழுத வந்த ஒரு தலைமுறைக்கே வழி திறந்துவிட்டவர். மலையக எழுத்தாளர்களுக்கென்று நடந்த சிறுகதைப் போட்டிகளின் பரிசுக்கதைகள் 1971இல் நூலாகவும் வந்தன. பின்னாளில் அதே நிறுவனம் சூரியகாந்தி என்ற வாரப் பத்திரிகையை மலையகத்துக்கென்றே கொண்டுவந்தது. இப்படி அவ்வப்போது கதவு திறந்திருக்கிறது.

அந்தக் காலத்துப் பத்திரிகை ஒருவர் வாங்கி ஒருவர் படிக்கும் பொருளாக இருக்கவில்லை. கொழும்பிலிருந்து இரவுத் தபால் ரயிலில் ஏறும் கட்டு நாவலப்பிட்டி, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா, பண்டாரவளை என்று இறங்கிக்கொண்டே வரும். அங்கிருந்து பஸ்ஸில் சின்ன டவுனுக்கு, டவுனிலிருந்து யாராவது ஒருவர் கையில் தோட்டத்துக்கு. வெளியூருக்குப் போக வேண்டிய பிரதிகள் முன்னிரவிலேயே அச்சாகிவிடும். அதனால் இரவு பிந்தி நடந்தது எதுவும் மலைக்கு வரும் பேப்பரில் இருக்காது, கொழும்பு வாசகருக்கு மட்டும்தான் கிடைக்கும். நமக்கு எப்போதும் அரைநாள் பழைய உலகம்தான்.

வந்த ஒரு பேப்பரைச் சலூனில் ஒருவர் உரக்கப் படிப்பார், நாலு பேர் கேட்பார்கள். தேத்தண்ணிக் கடையில் பக்கம் பக்கமாகப் பிரிந்து கைமாறும். மாஸ்டர் படித்த பேப்பர் பின்னேரம் தோட்டக் கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போகும். கடைசியில் லயத்து அறையின், அதாவது காம்பிராவின், சுவரில், குளிர்காற்று வராமல் இருக்க ஒட்டப்படும். எழுத்துக்கூட்டிப் படிக்க அந்தச் சுவரில் பழகிய பிள்ளைகள் உண்டு.

சேர்ந்து படிப்பது வெறும் சிக்கனம் மட்டும் அல்ல. இந்திய வம்சாவளித் தோட்ட மக்களின் குடியுரிமை பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபரில் கையெழுத்தானபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று எண்கள் அச்சில் வந்தன. அந்த மிச்சத்தை 1974இல் இரண்டு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இதைப் படித்தவர் வெளிநாட்டுச் செய்தி படித்த மாதிரி படித்திருக்க முடியாது. இந்தக் கணக்கில் நான் எங்கே, என் தம்பி எங்கே என்று கேட்டுத்தான் படித்திருப்பார். தெரிந்தவர் படித்துச் சொல்ல, தெரியாதவர் திருப்பித் திருப்பிக் கேட்க, சந்தேகம் வந்தால் தோட்டத்துக் கிளாக்கரிடமோ மாஸ்டரிடமோ போய் நிற்க, இப்படித்தான் செய்தியைச் சரிபார்த்தார்கள். ஒரு வரியை நாலு பேர் விவாதித்த பிறகே நம்புவது என்ற நல்ல பழக்கம் அங்கே இருந்தது. அது நமக்கு இப்போதும் தேவைப்படுகிறது.

சரி, உள்பக்கத்து நிருபருக்கு வருவோம்.

பெரும்பாலான பிரதேச நிருபர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிரசுரமாகும் செய்திக்குத்தான் கொடுப்பனவு. அதுவும் பஸ் செலவுக்குக் காணாது. அதனால் இவர்கள் வேறு தொழில் வைத்திருப்பார்கள். ஒருவர் ஆசிரியராக இருப்பார், ஒருவர் ஸ்டூடியோ நடத்துவார், ஒருவர் கடை வைத்திருப்பார். ஊரிலேயே வாழ்வதால் விசயம் இவர்களுக்கு முதலில் தெரியும். அதே காரணத்தால் எழுத முடியாததும் நிறைய இருக்கும். தோட்ட நிர்வாகத்தைப் பற்றிக் காரமாக எழுதிவிட்டு அதே தோட்டத்துப் பாதையில் அடுத்த நாள் நடக்க வேண்டும். தொழிற்சங்கத் தலைவர் ஒருவரை விமர்சித்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு அழைப்பில்லாமல் இருக்க வேண்டும். தூரத்துக் கொழும்பு ஆசிரியபீடத்துக்கு இந்தச் சங்கடம் இல்லை, ஆனால் அவர்களுக்கு விசயமே தெரியாது.

இந்த நிலைமையில் ஓர் எளிய வழி இருக்கிறது. நடந்ததை எழுதுவதற்குப் பதிலாக யாராவது சொன்னதை எழுதிவிடலாம். அறிக்கை மின்னஞ்சலில் வரும், படமும் கூடவே வரும், பஸ் ஏற வேண்டியதில்லை. மலையகப் பக்கத்தில் கோரிக்கை, வலியுறுத்தல், கண்டனம், உறுதி என்று முடியும் தலைப்புகள் அவ்வளவு அதிகமாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. சங்கங்கள் பல, கட்சிகள் பல, ஒவ்வொன்றுக்கும் ஊடகப் பிரிவு உண்டு. பக்கம் நிரம்பிவிடுகிறது.

சம்பளச் செய்தியை எடுத்துக்கொள்வோம், இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2020 ஜனவரியில், மார்ச் முதலாம் திகதியிலிருந்து நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தது. பெரிய எழுத்தில் வந்தது. மார்ச் வந்தது, ஆயிரம் வரவில்லை. சம்பள நிர்ணய சபை ஊடாக வர்த்தமானி, அதாவது அரசிதழ் அறிவித்தல், வெளியானது 2021 மார்ச்சில்தான்: 900 ரூபாய் அடிப்படைச் சம்பளம், 100 ரூபாய் கொடுப்பனவு. இடைப்பட்ட ஒரு வருடத்தில் “ஆயிரம் ரூபாய்” என்ற தலைப்பு எத்தனை தரம் வந்தது என்று எண்ணியவர் யாரும் இல்லை. அது கிடைத்த பிறகும், ஒரு நாளில் பறிக்க வேண்டிய கிலோ கணக்கைக் கூட்டிவிட்டார்கள், வேலைநாளைக் குறைத்துவிட்டார்கள் என்ற முறைப்பாடுகள் உள்பக்கங்களில் வந்துகொண்டே இருந்தன. ஆயிரம் கிடைத்தது என்று முதல் பக்கம் சொன்னது, அது கைக்கு எவ்வளவாக வந்தது என்று உள்பக்கம் சொன்னது.

2024இல் அதே நாடகம் மறுபடி. மே தினத்தன்று கொட்டகலையில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1,700 ரூபாய் என்று அறிவித்தார், வர்த்தமானியும் முந்திய நாளிலேயே வெளியாகியிருந்தது. தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று முடிந்தது. இந்த ஐந்து மாதச் செய்திகளை ஒன்றுவிடாமல் படித்த ஒருவர், எது அறிவிப்பு, எது வர்த்தமானி, எது தடை, எது கைக்கு வந்த காசு என்று பிரித்துப் பார்த்திருந்தால் மட்டுமே குழம்பாமல் இருந்திருப்பார். தோட்டங்களில் விவரமான பெரியவர்கள் இதை இயல்பாகச் செய்கிறார்கள். பேப்பரில் வந்துவிட்டது என்று யாராவது ஓடிவந்து சொன்னால், “பத்தாந்தேதி சம்பளத் துண்டில வரட்டும், பார்ப்போம்” என்பார்கள். இதை அவநம்பிக்கை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது நல்ல வாசிப்பாகத்தான் தெரிகிறது.

எந்தப் பத்திரிகையை வாங்குவது என்பதிலும் இதே மாதிரி ஒரு கணக்கு ஓடுகிறது. லேக் ஹவுஸ் 1973இல் சட்டம் மூலம் அரசின் பிடிக்குள் போனது. ஆகவே தினகரனில் அரசாங்கத்தின் குரலைக் கேட்கலாம். அதைக் கேலியாகச் சொல்கிறவர்கள்கூட அரச வேலைவாய்ப்பு, ஆசிரியர் நியமனம், பரீட்சை அறிவித்தல் என்றால் அதைத்தான் தேடுவார்கள். அரசாங்கம் என்ன செய்யப்போவதாகச் சொல்கிறது என்பதற்கு அது நல்ல மூலம். செய்ததா என்பதற்கு வேறு பேப்பர் வேண்டும். தனியார் பத்திரிகைகளுக்கும் முதலாளி உண்டு, விளம்பரதாரர் உண்டு, அதையும் மறந்துவிடக் கூடாது.

இளையவர்கள் சிங்களப் பத்திரிகையும் பார்க்கிறார்கள், பார்க்க வேண்டும். ஒரே தோட்டத்துத் தகராறு தமிழ்ப் பேப்பரில் தொழிலாளர் பிரச்சினையாகவும், சிங்களப் பேப்பரில் பொலிஸ் செய்தியாகவும், ஆங்கிலப் பேப்பரின் வர்த்தகப் பக்கத்தில் உற்பத்தி இழப்பாகவும் வரும். மூன்றையும் வைத்துப் பார்த்தால்தான் முழு உருவம். தேயிலை ஏல விலை மாதிரி விசயங்களுக்கு ஆங்கில வர்த்தகப் பக்கமே கதி. கொழும்பு ஏலத்தில் உயர்நிலத் தேயிலை என்ன விலைக்குப் போகிறது என்பது கொழுந்து பறிப்பவரின் தமிழ்ப் பேப்பரில் அநேகமாக இருப்பதில்லை. சம்பளப் பேச்சுவார்த்தை அந்த விலையைச் சுற்றித்தான் நடக்கிறது என்பதை நினைத்தால் இது விசித்திரம்.

வீடுகளில் பத்திரிகை நுழைவதற்கு இன்னொரு காரணம் பிள்ளைகள். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள் வரும் நாளில், மற்ற நாட்களில் பேப்பரே வாங்காத தாயும் ஒன்று வாங்குவார். வினாத்தாளை வெட்டி எடுத்தபின் மிச்சத்தை யார் படிக்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆனால் யாராவது படிக்கிறார்கள்.

வானொலியைப் பற்றி நீட்டாமல் சொல்லிவிடலாம். பேப்பர் வராத தோட்டத்துக்கும் இலங்கை வானொலி வந்தது. 1998இல் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை வந்தபோது, அச்சில் வெற்றிடமாக இருந்ததைக் கேட்பதற்காகப் பலர் இரவில் பிபிசி தமிழோசைக்குத் திருப்பினார்கள். அந்த வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றது. அதற்குள் எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது.

போனில் செய்தி படிப்பது மோசம் என்று நான் புலம்பப்போவதில்லை. 2020 ஊரடங்கில் பேப்பர் வராத நாட்களில் போன்தான் செய்தி சொன்னது. 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டில் தேசிய நாளிதழ்களே சில சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின, விலையும் ஏறியது. தினம் ஒரு பேப்பர் வாங்குவது அன்றிலிருந்து பல வீடுகளில் ஞாயிறு மட்டும் என்று சுருங்கியது. கினிகத்தேனையில் வீதி திறந்திருக்கிறதா, ரயில் நானுஓயாவோடு நிற்கிறதா என்பதற்குத் தோட்டத்து வட்ஸ்அப் குழுவை விட வேகமான மூலம் எதுவும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். 2018 மார்ச்சில் கண்டி, திகன பகுதியில் முஸ்லிம்கள் மீது தாக்குதல் நடந்தபோது வெறுப்பும் வதந்தியும் பரவாமல் தடுக்கவென்று அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. முடக்கியது சரியா என்று விவாதிக்கலாம். ஆனால் அது முடக்கப்பட்ட நாட்களில் பேப்பர் கடையில் கூட்டம் நின்றதை அங்கிருந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு குழுக்களில் ஒரு புது வகை வந்திருக்கிறது. உண்மையான பத்திரிகைத் துண்டைப் படம் பிடித்து, திகதியை வெட்டிவிட்டு அனுப்புவது. “நாளை பாடசாலைகளுக்கு விடுமுறை” என்ற செய்தி உண்மைதான், ஆனால் இரண்டு வருடத்துக்கு முந்திய நாளை. துண்டில் திகதி இல்லையென்றால் நான் அதைச் செய்தியாகவே எடுத்துக்கொள்வதில்லை.

பேரிடர் நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியாபெத்தவில் மண்சரிவு லயன்களை மூடியபோது, காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மணிக்கு மணி, ஊடகத்துக்கு ஊடகம் மாறியது. பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வேலைக்குப் போனவர், பாடசாலைக்குப் போன பிள்ளை, வெளியூரில் இருந்தவர் என்று பிரித்து எண்ண ஆளில்லாமல் வந்த எண்கள் அவை. முதல் நாள் எண்ணை வைத்துக்கொண்டு வாதாடுவதில் அர்த்தம் இல்லை.

மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று மட்டத்தில் வரும். சிவப்பு என்றால் வெளியேறு என்று அர்த்தம். அந்த அறிவித்தல் பிரதேச செயலகப் பிரிவின் பெயரில் வரும். இங்கேதான் மலையக வாசகருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் நீண்ட காலம் ஐந்தே பிரிவுகள்தான் இருந்தன. அம்பகமுவ என்ற ஒரு பெயருக்குள் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை எல்லாம் அடங்கிக் கிடந்தன. தன் விலாசத்தைத் தோட்டம், டிவிசன் (தோட்டத்தின் பிரிவு), தபாலகம் என்று மட்டுமே சொல்லிப் பழகிய ஒருவர் “அம்பகமுவ” என்று வாசித்துவிட்டு, அது வேறு எங்கோ என்று பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். உள்பக்க நிருபர் அந்த இடத்தில்தான் விலைமதிப்பற்றவர். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எத்தனையாம் இலக்க லயன் என்று அவர்தான் எழுதுவார்.

என் பழக்கம் இப்போது இப்படி ஆகியிருக்கிறது. வார நாட்களில் போன், அதுவும் வீதிக்கும் காலநிலைக்கும். நியமனம், சுற்றறிக்கை என்றால் தினகரன். ஞாயிறு ஒரு தமிழ்ப் பேப்பர் காசு கொடுத்து, உள்பக்கத்திலிருந்து. பெரிய சம்பளச் செய்தி வந்தால் வர்த்தமானி இலக்கம் குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்க்கிறேன்.

காசு கொடுத்து என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இணையத்தில் வரும் மலையகச் செய்திகளில் கணிசமானவை அந்த நிருபர்கள் எழுதியவைதான். ஒருவர் எழுதியதை ஒன்பது தளங்கள் எடுத்துப் போடுகின்றன, பெயரை எடுத்துவிட்டும் போடுகின்றன. பேப்பர் பக்கத்தைக் குறைத்தால் முதலில் குறைவது பிராந்தியப் பக்கம். செய்தி பிரசுரமானால்தான் அவருக்குக் கொடுப்பனவு, பிரசுரமாகாத செய்திக்காக அவர் எத்தனை நாளைக்கு மோட்டார்சைக்கிளுக்குப் பெற்றோல் அடிப்பார்?